சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்ன ஆமாம்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், நாலு வரி எழுதிக் கிழித்துப் போடுவதுமாகச் சில வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பல்கலைக்கழகத்தை எதிர்த்து என்னத்தை எழுத? அது ஒரு தயக்கம். என்னைப் பற்றி ஆராய்ச்சி எழுதிய பெண் என் வீட்டுப் பாயில் படுத்தவள், என் கையால் சாப்பிட்டவள். அவளைப் பற்றி வெளியே பேசலாமா? அது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிது, கோபத்தில் எழுதினால் பாவமாகுமோ என்ற பயம். தவக்காலத் தியானம் கொடுக்க வந்த வெளியூர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேவிட்டேன். "பொய் எழுதுனாத்தாம்மா பாவம். உண்மையக் கோவமா எழுதுனா அத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற?" என்றார். அதனால் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் செத்தே போவேன்.

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாழையும் திராட்சையும் போடுகிற ஊர். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. நாங்கள் பல தலைமுறையாகக் கத்தோலிக்க வேதக்காரர்கள். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பூப்போட்ட பாடையில் கிடத்துவார்கள். ஆசந்தி என்போம் அதை. அதன் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, மாதாவின் இடத்திலிருந்து ஆண்டவருக்காக ஒப்பாரி வைப்பாள். மாதா அழுகை என்று அதற்குப் பெயர். எழுதி வைத்த பாட்டு கிடையாது. வாயில் வருவதுதான்.

யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள்தான் உட்காரலாம். தவக்காலம் தொடங்கியதும், சாமியாருக்கு உதவியாக இருக்கிற கோயில் உபதேசியார் அப்படிப்பட்ட ஒருத்தியின் வீட்டுக்கு வந்து, "இந்த வருசம் நீ உக்காரு தாயி" என்பார். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அழும்போது சொந்தப் பிள்ளையின் பேர் வாயில் வரக் கூடாது. ஆண்டவரின் தலை, ஆண்டவரின் கை, ஆண்டவரின் கால் என்றுதான் சொல்லி அழ வேண்டும். அவள் யாரை இழந்தவள் என்று சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பேர் சொல்லாமலே தெரியும்.

என் மகன் குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தான். மலை இறங்கும்போது ஜீப் கவிழ்ந்து போய்விட்டான். தேனி ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். நான் காலைத்தான் தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்திலும் வரவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. "அழுதுருத்தா, அழாமக் கெடந்தா நெஞ்சு வெடிச்சிரும்" என்று மதினி, என் அண்ணன் பெண்சாதி, என் முதுகில் அடித்தே பார்த்தாள். கல்லாக இருந்தேன். மறு தவக்காலத்தில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார்.

அந்தப் பெரிய வெள்ளியன்று தலைமாட்டில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. ஆண்டவரின் கால் பக்கம் பார்வை போனது.

"நடை பழக்குன கால்ல யாருய்யா ஆணி அடிச்சா, நான் எண்ணெய் தேச்ச காலு இப்புடிச் சில்லுன்னு கெடக்கே" என்று வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. என் பின்னால் கோயிலே அழுதது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் என்னையே உட்காரச் சொன்னார்கள். எனக்கு ஆண்டவர் கொடுத்த இடம் அது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் ஒரு தவக்காலத்தில் வந்தாள். பேண்ட் சட்டை, முதுகில் பை. பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வு செய்கிறாளாம். சரித்திரம், சங்கீதம், மனசு பற்றிய படிப்பு, சனங்களைப் பற்றிய படிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் செய்கிற ஆராய்ச்சி என்றாள். மாதா அழுகையைப் பற்றி எழுதித்தான் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். பங்குச் சாமியார் என் வீட்டைக் காட்டிவிட்டார். நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவித் தருவாள், ராத்திரி ஜெபமாலைக்கு உட்காரச் சொன்னால் உட்காருவாள். அவள் வாயிலிருந்து அம்மா என்று வரும்போது எனக்கு என்னவோ செய்யும். இதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சோறு போடுகிற இடத்தில் இல்லை என்ற சொல்லே வரக் கூடாது. குழம்பு தீர்ந்துபோனால் "நெறஞ்சிருக்கு" என்போம். தட்டுக்கு முன்னால் இருக்கும் விருந்தாளி என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டோம். "இன்னைக்கு மழ வரும்போலயே" என்று வெயில் கொளுத்தும்போது சொன்னாலும் ஆமாம்தான். வழக்கு, கணக்கு, மறுப்பு எல்லாம் அவர் கை கழுவிய பிறகு. சாப்பிடுகிறவர் மனம் கோணினால் போட்ட சோறு சாபமாகும் என்று என் மாமியார் வீட்டில் சொல்லிப் பழகியது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் இப்படித்தான்.

அவள் கேள்வி கேட்டதெல்லாம் சாப்பிடும்போது. மற்ற நேரத்தில் நான் தோட்டத்துக்கும் தண்ணிக் குழாய்க்கும் ஓடிக்கொண்டிருப்பேன். அவள் சாப்பிடும்போதுதான் எதிரே உட்கார்ந்து பரிமாறுவேன். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டை அமுக்கிவிட்டுச் சோற்றைப் பிசைவாள்.

"அம்மா, கோயில்ல மத்த நாள் எல்லாம் ஆம்பளைங்கதான் மைக் புடிச்சுப் பேசுறாங்க. இந்த ஒரு நாள்தான் பொம்பளைங்களுக்குக் குரல் கிடைக்குது. அதுக்காகத்தானே இந்தச் சடங்கு?"

"ஆமாத்தா. மொச்சக் கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க."

"சேசு சாமிக்கு முன்னாடியே உங்க ஊர்ல இப்படி ஒப்பாரி இருந்திருக்கும். சாமிய மட்டும் மாத்திக்கிட்டீங்க. அப்படித்தானே?"

"இருக்கும்த்தா."

மதினி வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏ புள்ள, நீ பேயின்னு அந்தப் புள்ள சொன்னாலும் ஆமாம்பியா?" என்றாள்.

"அது கை கழுவட்டும் மதினி."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்போ நீங்க உண்மையில அழுறது உங்க பையனுக்காகத்தான். இயேசு ஒரு சாக்கு. அப்படி எடுத்துக்கலாமாம்மா?"

என் கையிலிருந்த கரண்டி தட்டில் இடித்து அப்படியே நின்றது. அவள் வாயில் கவளம் இருந்தது. வெறுந்தரையில் சம்மணம் போட்டு, என் மகன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாத்தா. சாப்புடு" என்றேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்ததும் குழாயடியில் நிறுத்திச் சொன்னேன். "தாயி, அப்பக் கேட்டியே, அது சாக்கு இல்ல. அங்கன உக்காந்தா எங்க சாமியும் எம்புள்ளயும் ஒண்ணாக் கெடக்காக. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அழுகுறேன். பிரிக்க எனக்குத் தெரியாது. பிரிச்சா எனக்கு அழுக வராது."

அவள் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப முக்கியமான விஷயம்மா. போன்ல சார்ஜ் இல்ல. அப்புறம் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

பெரிய வெள்ளிக்கு அவளுடைய பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் காரில் வந்தார்கள். ஒருவர் நான் அழுத ஒப்பாரி எந்தச் சுருதியில் ஏறி எதில் இறங்குகிறது என்று ஒரு கருவியை வைத்துக் குறித்துக்கொண்டார். இன்னொருவர் மனசைப் படித்தவர். அழுது முடித்து, தொண்டை கட்டி, கோயில் சுவரில் சாய்ந்து கிடக்கிறேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, இப்ப மனசு எவ்வளவு லேசா இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்கிறார்.

மதினி எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "பத்துக்குப் பத்து போட்டுக்கங்க சார். பாசாகிட்டுப் போறா" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டை உரித்துக் கூறு போடுவதுபோல இருந்தது எனக்கு. ஒருத்தருக்குத் தொடை, ஒருத்தருக்கு ஈரல். ஆடு எங்கே என்று கேட்டால் எவரிடமும் இருக்காது.

அடுத்த வருடம் கருத்தரங்கம் என்று அழைப்பு வந்தது. நானும் மதினியும் தேனிக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போனோம். பல்கலைக்கழகத்தின் பேரை நான் எழுதப் போவதில்லை. பேர் சொல்லாமல் அழத் தெரிந்தவள்தான் நான். முதல் வரிசையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, கை தட்டினார்கள். பிறகு விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க என் முகம். வாய் திறந்து, மூக்கு ஒழுகி, முந்தானை விலகி.

"மூக்கத் தொடச்சிட்டாவது படம் புடிச்சிருக்கலாம் பாவிக" என்று மதினி என் காதில் சொன்னாள்.

அந்தப் பெண் மேடையில் நின்று படித்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஓர் இடம் நன்றாகப் புரிந்தது. "இச்சடங்கில் இயேசுவின் உடல் ஒரு சாக்கு மட்டுமே என்பதைத் தகவலாளியே ஒப்புக்கொள்கிறார்." தகவலாளி என்றால் நான். உடனே என் குரலைப் போட்டார்கள். அவள் கேள்வி கேட்கிறாள். "ஆமாத்தா" என்கிறேன். அதோடு வெட்டிவிட்டார்கள். சாப்புடு என்று சொன்னது இல்லை. ஆனால் ஆமாத்தாவுக்கு முன்னால் கரண்டி தட்டில் படுகிற சத்தம் ஒன்று கேட்டது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது என்ன சத்தம் என்று எனக்கும் மதினிக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

டீ குடிக்க விட்டபோது அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"என்னத்தா இப்புடிப் போட்டுட்ட?"

"நான் எதையும் மாத்தலையேம்மா. நீங்க சொன்னதுதானே? ரெக்கார்டிங்ல இருக்கு."

"நீ கை கழுவுன பெறகு சொன்னேனே, அது எங்க?"

"அது ரெக்கார்ட் ஆகலைம்மா."

பேராசிரியர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நீங்க மனசுல நினைக்கிறது ஒண்ணு. அந்தச் சடங்கு சமூகத்துல செய்யற வேலை வேற. நாங்க படிக்கிறது ரெண்டாவதை."

"அப்ப எங்க வாயி ஒங்களுக்கு எதுக்கு சார்? வாயில இருந்து வந்ததத்தான போட்டுக் காட்டுனீக?"

அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "இதைக் குறிச்சுக்கோ, முடிவுரையில பயன்படும்" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. நான் அழுகிற படத்தையும் ஆமாத்தா என்ற குரலையும் யாரோ போனில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடியது. என்னைக் கூப்பிட்டு, ஆண்கள் எல்லாம் நாற்காலியில் இருக்க, நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"சேசு ஒரு சாக்குன்னு சொன்னியா, இல்லியா?" என்றார் பேரவைத் தலைவர்.

"சாப்புட்டுக்கிட்டு இருந்த புள்ளகிட்டச் சொன்னேன்ணே. ஒங்க வீட்லயும் அதான வழக்கம்?"

"வழக்கமெல்லாம் நம்ம ஊருக்குள்ள. வெளிய சிரிக்கிறாக. வேதத்துல இருந்துக்கிட்டு வேசம் போடுறோம்னு அர்த்தமாகுது. பெரிய வெள்ளிக்கு ஆண்டவருக்காக அழுகணும், அவுகவுக வீட்டுச் சாவுக்கு இல்ல."

"மாதா அழுதது யாரு வீட்டுச் சாவுக்கு?" என்று கேட்டேன். பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காட்டிவிட்ட வீடுதான் என் வீடு. அதை அவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி மாதா அழுகை வேண்டாம், பாடகர் குழு பாடி வைத்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெரிய வெள்ளிக்கு ஆண்டவரின் தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்தார்கள். நான் வரிசையில் நின்று பாதம் முத்தி செய்துவிட்டு வந்தேன். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று ராத்திரி வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "இந்தா, நீ மறுபடியும் கல்லாகிராத" என்றார். அவர் அதற்கு முன் அப்படிப் பேசியவர் இல்லை. பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தை மன்னிக்கிற வரி வரும்போது என் நாக்கு நின்றுவிடும். நான் அந்த வரியிலேயே நிற்க, மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள்.

என்னோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதி முடித்திருக்க மாட்டேன். எனக்கு வயசாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்கு நிறைமாதத்தில் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்கு மட்டும் உயிர் இருந்தது. "பச்சப்புள்ளைக்கு அழுகக் கூடாது, அப்பத்தான் அடுத்தது தங்கும்" என்று வாயை மூடிவிட்டார்கள். பழைய வழக்கம் இருந்திருந்தால் உபதேசியார் அவள் வாசலுக்குத்தான் போயிருப்பார். தவக்காலத்தில் ஒரு மத்தியானம் நான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, நீங்க உக்காந்து அழுதீகளாம்ல. நான் எங்கன உக்காந்து அழுகட்டும்?"

என் கையில் சோப்பு நுரை. என் கோபம் முழுசாக அன்றைக்குத்தான் வந்தது. என்னிடமிருந்து எடுத்தால் அது என் சிலுவை. இவளிடமிருந்து எடுக்க இவர்கள் யார்?

அன்றே அந்த ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். "நீ ஒரு தடவ வந்து, சாப்புடும்போது கேட்டேன், அதான் அந்தம்மா ஆமான்னுச்சுன்னு சொல்லிட்டுப் போ. இல்லாட்டி எழுதியாவது குடு தாயி" என்றேன்.

கேட்டுக்கொண்டாள். பிறகு அழுதாள். "அம்மா, அப்படிச் சொன்னா அந்த அத்தியாயம் மொத்தமும் போயிரும்மா. அதுலதான் எனக்குப் பட்டமே."

அவள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அதனால் சொன்னேன். "போகட்டுமே தாயி. எங்க ஊர்ல ஒரு அழுகையே போயிருச்சு."

அவள் வரவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த எங்கள் தெருப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பேரவைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மதினியும் வந்தாள். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா அவுக அச்சுல போட்டுட்டாக. நீ வாயால சொல்ற. நாளைக்கு பிஷப்பு கேட்டா நான் எதக் காட்ட?"

"அச்சுல போட்டதும் எங்க நாத்தனா வாயால சொன்னதுதானய்யா" என்றாள் மதினி.

"எழுத்துல குடுங்க. வருற தவக்காலத்துக்கு முன்னாடி பேரவையில படிக்கச் சொல்றேன்."

அதற்காகத்தான் இந்த எழுத்து. நான் சொல்வது இதுதான். என் ஆண்டவர் எனக்குச் சாக்கு இல்லை. என் பிள்ளையும் எனக்குச் சாக்கு இல்லை. எங்கள் ஊரில் தலைமுறையாகப் பெண்கள் அழுத அழுகை, மைக் கிடைக்காததால் அழுத அழுகை இல்லை. வேறு சாமிக்கு அழுததை இந்தச் சாமிக்கு மாற்றிக்கொண்டதும் இல்லை. முன்னே எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. தெரியாததை இருக்கும் என்று சொன்னது ஒரு கவளச் சோறு நிம்மதியாக இறங்கட்டும் என்பதற்காக. இதைப் படிக்கும்போது யாரும் என் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே இல்லை என்று எழுதிய இடமெல்லாம் இல்லைதான்.

கோயிலிலோ, தோட்டத்திலோ, பஸ்ஸிலோ இது உங்கள் கைக்கு வந்தால் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சுருக்க வேண்டாம். இந்தம்மா சொல்ல வருவது என்னவென்றால் என்று தொடங்கி யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். கோபமாக இருக்கிற இடத்தைத் தணிக்க வேண்டாம். பிழை இருந்தால் பிழையோடு கிடக்கட்டும். பேரவையில் படிக்கும்போது அந்தப் பிள்ளை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பெரிய வெள்ளிக்கு அவள் ஆண்டவரின் தலைமாட்டில் போய் உட்காருகிற வரைக்கும் இதை இருக்கிறபடியே கைமாற்றிக்கொண்டே இருங்கள்.